வீட்டு ஏக்கம்: தோட்டப்புறத்திலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு ஓர் அறிமுகம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர் ஒன்றிலிருந்து ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் புறப்படும்போது, குடும்பமே பல மாதங்களுக்கு முன்பிருந்து ஆயத்தமாகிறது. ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்கென எடுக்க வேண்டிய பணம், விசா, மருத்துவப் பரிசோதனை, குளிர்ச்சட்டை, பெட்டிக்குள் எத்தனை பாக்கெட் பாபாஸ் மசாலைத்தூள் அடங்கும் என்பது வரை எல்லாம் பேசித் தீர்க்கப்படுகின்றன. விமானம் ஏறிய பிறகு அந்தப் பிள்ளையின் மனத்துக்குள் என்ன நடக்கும் என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை. "போனா பழகிடும்" என்ற ஒரு வரியோடு அது முடிந்துவிடுகிறது. பழகிவிடும் என்பது பெரும்பாலோருக்கு உண்மைதான். ஆனால் எப்படிப் பழகுகிறது, அதற்குள் உடலும் மனமும் என்ன பாடுபடுகின்றன, எது உதவுகிறது, எது தடுக்கிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே அறிந்திருந்தால், பல பிள்ளைகள் "எனக்குத்தான் மனவலிமை இல்லை" என்று தங்களையே நொந்துகொண்டு தனியறையில் தவிப்பதைத் தவிர்க்கலாம்.

வீட்டையும் வீட்டு மனிதர்களையும் பிரிந்திருப்பதால், அல்லது பிரியப் போகிறோம் என்ற நினைப்பினாலேயே, ஒருவருக்கு ஏற்படும் மனவருத்தத்தையும் அதனால் அன்றாடக் காரியங்கள் தடைப்படுவதையும் சேர்த்தே வீட்டு ஏக்கம் என்கிறோம். பிரியப் போகும் நினைப்பே போதும் என்பதைக் கவனிக்க வேண்டும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே சரியாகச் சாப்பிடாத, காரணமில்லாமல் தம்பி தங்கச்சியிடம் எரிந்துவிழும் பிள்ளைக்கு அது அங்கேயே தொடங்கிவிட்டது. போய்ச் சேர்ந்த பிறகு, விரிவுரை நடக்கும்போதும் நினைப்பு வீட்டுப் பக்கமே ஓடும், படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்க நேரும், தூக்கம் கெடும், வயிறு பிசையும், தலைவலி வரும், சிறு காரியத்துக்கும் கண் கலங்கும். இவற்றில் பாதிக்கு மேல் உடலில் தெரிகிற குறிகள் என்பதால், பலர் இதைச் சளி, காய்ச்சல், ஒவ்வாத சாப்பாடு என்றே எண்ணிக்கொள்கிறார்கள்.

மருத்துவ உலகம் இதைப் பற்றி எழுதத் தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. யோகன்னஸ் ஹோஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர் 1688இல் பாசல் நகரில் சமர்ப்பித்த ஆய்வேட்டில், பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்து படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு மாணவரைக் குறிப்பிடுகிறார். மருந்துகள் எதுவும் பலன் தரவில்லை. ஊருக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து பயணம் தொடங்கியதும், வீடு போய்ச் சேரும் முன்பே அவர் தேறத் தொடங்கிவிட்டார். பெர்னுக்கும் பாசலுக்கும் இடையிலான தொலைவு சுங்கை சிப்புட்டுக்கும் பினாங்குக்கும் உள்ள தொலைவைவிடக் குறைவு. ஆகவே இந்த ஏக்கம் கடல் கடந்தால்தான் வரும் என்றோ, ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்றோ, பெண்பிள்ளைகளுக்குத்தான் வரும் என்றோ நினைப்பதற்கு இடமில்லை. பின்னாளில் ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர், தன்னைப் பேணியவர்களுடன் குழந்தை கொள்ளும் பற்று உயிர்வாழ்வதற்கான இயல்பான ஏற்பாடு என்றும், பிரிவின்போது எழும் தவிப்பு அந்தப் பற்றின் மறுபக்கம் என்றும் விளக்கினார். பற்று இருக்கும் இடத்தில் பிரிவு வலிக்கும். வலிப்பதால் அந்தப் பிள்ளை பலவீனமானது என்று ஆகிவிடாது.

ஏக்கம் எங்கே குடியிருக்கிறது

வீட்டு ஏக்கத்தைப் பற்றிப் பேசும்போது அம்மா, அப்பா, வீடு, ஊர் என்ற பெரிய சொற்களிலேயே பேசிவிடுகிறோம். ஆனால் மாணவர்களிடம் பொறுமையாகக் கேட்டுப்பார்த்தால், அவர்கள் சொல்வதெல்லாம் மிகச் சிறிய காரியங்களாக இருக்கின்றன. காலையில் யாரோ கலக்கி மேசையில் மூடிவைத்த மைலோ, அப்பாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கும் சத்தம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போவதற்கு முன் வீட்டில் நடக்கும் அவசரம், வாரம் ஒரு நாள் கூடும் இரவுச் சந்தை, ஒட்டுக்கடையில் கேட்காமலே வந்துசேரும் தே ஓ என்னும் பாலில்லாத் தேநீர். நாமே எண்ணிப் பார்க்காதபடி ஒரு நாளைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தாங்கிப் பிடித்திருந்த ஒழுங்கு அது. வெளிநாட்டில் முதலில் காணாமற்போவது அந்த ஒழுங்குதான். எனவே போன ஊரில் நிலைகொள்வது என்பதற்கு வீட்டை மறப்பது என்று பொருள் கொள்ளாமல், புதிய இடத்தில் இன்னொரு நாள் ஒழுங்கைக் கட்டிக்கொள்வது என்று பொருள் கொண்டால், செய்ய வேண்டியவை தெளிவாகும் என்பது என் எண்ணம். இக்கட்டுரையில் சொல்லப்படும் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றியவைதான்.

தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு இது சற்றுக் கூடுதலாக உறைப்பதற்குக் காரணம் உண்டு. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் ஆளற்றுப்போய், பல குடும்பங்கள் ஊருக்குள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்த பின்னும், தோட்டத்து வாழ்க்கையின் அமைப்பு முழுதாகக் கலைந்துவிடவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுக்கும் கூட்டத்துக்குப் போய்ப் பழகிய பெற்றோர் இன்றும் நான்கரை, ஐந்து மணிக்கெல்லாம் எழுந்துவிடுகிறார்கள். அடுத்த வீட்டு அத்தை உறவு முறையில் அத்தையாக இல்லாவிட்டாலும் பிள்ளை பள்ளிக்குப் போகாத நாளில் வந்து விசாரிப்பார். "பசியாறியாச்சா?" என்று கேட்காமல் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. தமிழ்ப்பள்ளியில் உடன் படித்தவர்களே இடைநிலைப்பள்ளி வரை உடன் வருகிறார்கள். இப்படி வளர்ந்த பிள்ளைக்கு, தன்னை யாரும் கவனிக்காத ஓர் இடத்தில் வாழ்வது எப்படி என்று கற்றுக்கொள்ள வாய்ப்பே வாய்த்ததில்லை. மாணவர் விடுதியின் கனத்த கதவு தானாக மூடிக்கொண்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதும் அந்தக் கதவை ஒருவரும் தட்டமாட்டார்கள் என்பது அதற்குப் பெரிய அதிர்ச்சி.

ஆயினும் நம் குடும்பங்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. 1938இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும் வரை தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணிகள் மூலம் மலாயாவுக்கு அழைத்துவரப்பட்ட நம் முன்னோர், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, திரும்பிப் போகும் நாள் தெரியாமல் காட்டுக்குள் குடியேறினார்கள். அவர்கள் பட்ட ஏக்கத்தை அளக்க நம்மிடம் அளவுகோல் இல்லை. ஆனால் அவர்கள் செய்ததைப் பார்க்க முடிகிறது. லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டார்கள். மரத்தடியில் ஒரு கல்லை நிறுத்தி முனீஸ்வரனுக்குப் படையலிட்டார்கள். பின்னர் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பி, ஆண்டுக்கொரு முறை தீமிதி நடத்தி, ஆண்டின் நாட்களுக்கே ஒரு வரிசையை உண்டாக்கினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டார்கள். விட்டு வந்த ஊரை மறக்காமலே வந்த ஊரில் நாட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். நிலைகொள்ளுதலுக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

யாருக்கு அதிகம், எப்போது அதிகம்

எல்லாருக்கும் ஏக்கம் ஒரே அளவில் வருவதில்லை. கிறிஸ்டோபர் தர்பர், எட்வர்ட் வால்டன் ஆகியோர் பல்கலைக்கழக மாணவர்களின் வீட்டு ஏக்கத்தைப் பற்றி 2012இல் எழுதிய கட்டுரை உள்ளிட்ட ஆய்வுகள் சில காரணங்களைத் திரும்பத் திரும்பச் சுட்டுகின்றன. முன்பு வீட்டைப் பிரிந்து தங்கிய பழக்கம் இல்லாமை ஒன்று. "போனால் நிச்சயம் அழுதுகொண்டிருப்பேன்" என்ற முன்முடிவும் புதிய இடத்தின்மீது முதலிலேயே கொண்ட கசப்பும் மற்றொன்று. நம் சமூகம் மிகவும் யோசிக்க வேண்டியது மூன்றாவது காரணத்தை: போவது என்ற முடிவில் தனக்குப் பங்கு இருந்தது என்று உணராதவர்களுக்கு ஏக்கம் கூடுதலாக இருக்கிறது.

பல்கலைக்கழகப் புகுமுகப் படிப்பான எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் விரும்பிய துறை கிடைக்காமல், "எப்படியாவது டாக்டராக்கிவிட வேண்டும்" என்ற பெற்றோரின் உறுதியால் இந்தியாவுக்கோ இந்தோனேசியாவுக்கோ ரஷ்யாவுக்கோ அனுப்பப்படும் பிள்ளைகளை நாம் எல்லாரும் அறிவோம். பெற்றோரின் உறுதி மதிப்புக்குரியது. வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த வெள்ளி அதில் இருக்கிறது. இருந்தாலும் எந்த நாடு, எந்தத் துறை, எந்த ஆண்டில் புறப்படுவது என்பவற்றில் ஒன்றிலாவது பிள்ளையின் விருப்பம் மெய்யாகவே செல்லுபடியாக வேண்டும். தான் தேர்ந்தெடுத்த கஷ்டத்தைத் தாங்குவது எளிது. தன்மேல் சுமத்தப்பட்ட கஷ்டம் ஒவ்வொரு மாலையும் வீட்டுக்கு இழுக்கும்.

பழக்கத்தைப் பொறுத்தவரை, ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷனிலோ விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது எனலாம். அந்த வாய்ப்பு இல்லாதவர்கள், புறப்படுவதற்கு முன் சில நாட்கள் உறவினர் வீட்டிலோ நண்பர்களுடனோ தங்கி, அடிக்கடி தொலைபேசியில் அழைக்காமல், தங்கள் துணியைத் தாங்களே துவைத்து, தங்கள் சாப்பாட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டு வருவது நல்ல ஒத்திகை.

காலத்தைப் பொறுத்தவரை ஒரு பழைய கருத்து இன்றும் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் தங்கிப் படித்த நார்வே நாட்டு உதவிநிதியாளர்களை ஆராய்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் எழுதியதன்படி, முதலில் மகிழ்ச்சி, பிறகு சரிவு, அதன்பின் மெல்ல மேலேறுதல் என்ற வளைகோட்டில் மனநிலை செல்கிறது. புதிய பண்பாட்டில் ஏற்படும் அதிர்ச்சியைப் பற்றி 1960இல் எழுதிய மானிடவியலாளர் கலெர்வோ ஒபெர்க்கும் ஏறத்தாழ இதையே சொன்னார். ஆனால் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியான ஆய்வில், கொலீன் வார்டும் அவர் குழுவினரும் இந்த வளைகோட்டைக் காணவில்லை; தொடக்கத்திலேயே சிரமம் உச்சமாக இருந்து பின்னர் குறைந்ததைத்தான் கண்டார்கள். முதல் வாரத்திலேயே அழுகை வந்தால் "எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய நேரத்தில் எனக்கு மட்டும் ஏன்" என்று கலங்கத் தேவையில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தொடக்கச் சிரமம் தணிந்த பின்னும் ஏக்கம் அலை அலையாகத் திரும்பி வரும், அதுவும் சில நாட்களைக் குறிவைத்து வரும். பிரிட்டனில் கல்வியாண்டு செப்டம்பர் கடைசியில் தொடங்குகிறது. தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது. அதாவது இன்னும் நண்பர்களின் பெயர்களே சரியாக மனத்தில் பதியாத நேரத்தில், வாழ்க்கையில் முதல் முறையாக வீட்டில் இல்லாத தீபாவளி வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் அதே நாட்கள் இரண்டாம் பருவத் தேர்வுக் காலம். பொங்கல் பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்களின் ஜனவரித் தேர்வுகளோடு மோதும். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலிலிருந்து தம்பி அனுப்பும் காணொளி, நூலகத்தில் தனியாக அமர்ந்திருக்கும் அண்ணனின் கையில் வந்து விழும். இந்த நாட்களை முன்கூட்டியே நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு, அன்று தனியாக இருக்காதபடி ஏதேனும் ஓர் ஏற்பாடு செய்துகொள்வது அவசியம். லெஸ்டர் நகரின் பெல்கிரேவ் சாலைத் தீபாவளி, லண்டன் ஹைகேட் முருகன் கோயில், விம்பிள்டன் கணபதி கோயில், சிட்னி முருகன் கோயில், மெல்பர்ன் அருகே கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் போன்ற இடங்களுக்குப் போக முடிந்தால் போகலாம். முடியாவிட்டால் விடுதிச் சமையலறையில் நான்கு பேரைக் கூப்பிட்டு ஒரு பாயசம் வைத்தாலும் அது தீபாவளிதான்.

உடலுக்குத் தெரியும் அந்நியம்

மனத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், உடல் படும் பாட்டை மறந்துவிடுவோம். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஏழு மணியளவில் உதித்து மாலை ஏழு மணியளவில்தான் மறைகிறது. லண்டனில் டிசம்பர் மாதம் மாலை நான்கு மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. பகல் சுமார் 8 மணி நேரம்தான். வெளிச்சம் குறையும் மாதங்களில் சிலருக்கு மனச்சோர்வு வருவதை நார்மன் ரோசெந்தாலும் அவர் குழுவினரும் 1984இல் விவரித்தார்கள். எனவே குளிர்காலத்தில் வரும் சோர்வு முழுவதையும் வீட்டு ஏக்கத்தின் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது. காலையில், எவ்வளவு குளிராக இருந்தாலும், அரைமணி நேரமாவது வெளியில் நடப்பது தூக்கத்தையும் மனத்தையும் ஒருங்கே சீராக்கும். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லாரும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றி எண்ணிப்பார்க்க வேண்டும் என்றும், தெற்காசிய வழிவந்தவர்கள் போன்ற கருந்தோலினர் ஆண்டு முழுவதுமே அது குறித்து யோசிக்க வேண்டும் என்றும் பிரிட்டிஷ் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது.

சாப்பாட்டைச் சிறிய விஷயமாகக் கருதுகிறவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதுவதில்லை. மூன்று வாரம் ரொட்டியும் பாஸ்தாவும் சாப்பிட்ட ஒரு பிள்ளை, முதல் முறையாகப் பொதுச் சமையலறையில் எண்ணெய் காயவைத்துக் கடுகும் காய்ந்த மிளகாயும் போட்டுத் தாளித்தபோது, புகையை உணரும் கருவி அலறி, கட்டடம் முழுவதும் குளிரில் வெளியே வந்து நிற்க நேர்ந்ததைக் கேட்டிருக்கிறேன். அதன்பின் அந்தப் பெண் சமைப்பதையே நிறுத்திவிட்டாள். அவள் இழந்தது சாம்பாரை மட்டும் அல்ல; நாளின் ஒரு பொழுதைத் தன் கையால் நடத்திக்கொள்ளும் துணிவையும் இழந்தாள். சன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியைப் போட்டு, தீயைக் குறைத்துத் தாளித்தால் போதும் என்று மூத்த மாணவி ஒருத்தி காட்டிக்கொடுத்த பிறகுதான் அவள் முகத்தில் தெளிவு வந்தது. சிறிய மின்சாரச் சோற்றுப்பானை ஒன்று, பருப்பு, இரண்டு மூன்று கறிகள் வைக்கத் தெரிந்த கை, இவை மூன்றும் இருந்தால் வாரத்தின் பாதி நாட்கள் வீட்டுச் சாப்பாடாகிவிடும். லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பகுதிகளில் ஈழத்தமிழர் கடைகளில் கறிவேப்பிலை முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் மட்டும், கொண்டுபோகும் உணவுப் பொருள் ஒவ்வொன்றையும் பயணி அட்டையில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும்; அந்நாட்டின் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் கடுமையானது, மறைத்தால் அபராதம் உண்டு.

யாருடன் பழகுவது

வெளிநாட்டு மாணவர்களுக்கு மூவகை நட்பு வட்டங்கள் அமைகின்றன என்று உளவியலாளர் ஸ்டீஃபன் பாக்னரும் அவர் குழுவினரும் 1977இல் எழுதினார்கள். தன் நாட்டவர்களோடு அமையும் நட்பு மனத்துக்கு ஆறுதல் தருகிறது. அந்த நாட்டு மாணவர்களோடு அமையும் நட்பு படிப்பிலும் நடைமுறைக் காரியங்களிலும் கைகொடுக்கிறது. பிற நாடுகளிலிருந்து வந்தவர்களோடு அமையும் நட்பு பொழுதுபோக்குக்கும் கூடிக் களிப்பதற்கும் உதவுகிறது. மலேசிய மாணவர்களோடு சேர்ந்திருப்பது தவறு என்று சிலர் சொல்வது சரியில்லை. முதல் மாதத்தில் அவர்கள்தான் உயிர்த்துணை. ஆனால் அந்த ஒரு வட்டத்துக்குள்ளேயே மூன்றாண்டுகள் இருந்துவிட்டால், அந்த ஊர் கடைசி வரை சன்னலுக்கு வெளியே தெரிகிற ஊராகவே இருந்துவிடும். வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில் கூடும் ஏதேனும் ஒன்றில், பூப்பந்தோ பறையிசையோ உணவு வங்கித் தொண்டோ எதுவாயினும், பெயர் கொடுத்துவிடுவது நல்லது. நட்பு அறிமுகத்தால் வளர்வதைவிடத் திரும்பத் திரும்பச் சந்திப்பதால்தான் வளர்கிறது.

தமிழ்நாட்டுக்குப் படிக்கப் போகும் நம் மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே தமிழ் இருக்கிறது, கோயில் இருக்கிறது, இட்லி இருக்கிறது, ஆகவே ஏக்கம் இருக்காது என்று நம்பி அனுப்புகிறோம். ஆனால் தன்னைப் போன்றவர்கள் என்று எதிர்பார்த்துப் போன இடத்தில், தன் பேச்சு வேற்று நாட்டார் பேச்சாகக் கேட்கப்படும்போதும், சாதியை மறைமுகமாக விசாரிக்கும் கேள்வியை முதல் முறையாக நேரில் சந்திக்கும்போதும், அந்தப் பிள்ளைக்கு உண்டாகும் தனிமை லண்டனில் உண்டாவதைவிடக் குறைந்ததல்ல. அந்நியம் என்று தெரிந்தே போகிற இடத்துக்கு மனம் ஆயத்தமாகப் போகிறது. சொந்தம் என்று நினைத்துப் போகிற இடத்துக்கு அப்படிப் போவதில்லை.

தொலைபேசியும் பெற்றோரும்

புலனம் (வாட்ஸ்அப்) வந்த பிறகு ஏக்கம் குறைந்திருக்க வேண்டும் என்று தோன்றும். குறைக்கவும் செய்கிறது, சில சமயம் கூட்டவும் செய்கிறது. குளிர்காலத்தில் மலேசிய நேரம் பிரிட்டனைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. பிள்ளைக்கு ஏக்கம் மிகுதியாக வரும் இரவு ஒன்பது மணி, சுங்கை சிப்புட்டில் விடியற்காலை ஐந்து மணி. அம்மா வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் இருக்கும் நேரம். அந்த நேரத்து அழைப்பில் இருவருக்கும் நிறைவு கிடைக்காது. சனி, ஞாயிறுகளில் அங்கே நண்பகல், இங்கே இரவு எட்டு மணி என்று நேரம் குறித்துக்கொண்டு பேசுவது, நாள் முழுவதும் திரையைத் திறந்துவைத்திருப்பதைவிட நல்லது என்பேன். குறித்த நேரம் ஒன்று இருந்தால் மற்ற நேரங்களில் அந்த ஊரில் வாழ முடியும்.

என்ன பேசுவது என்பதும் முக்கியம். "சாப்பிட்டியா, படிச்சியா, குளிருதா" என்ற மூன்று கேள்விகளுக்கும் "ம்" என்ற ஒரே பதில் போதும். அதோடு பேச்சு நின்றுவிடும். வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். பூனை குட்டி போட்டதை, பக்கத்து வீட்டு மாமா வேலியைப் பிடுங்கி நட்டதை, மரவள்ளி முளைத்ததைச் சொல்லுங்கள். வீட்டின் அன்றாடத்தில் தனக்கு இன்னும் இடமிருக்கிறது என்று அறியும் பிள்ளைதான், தன் அன்றாடத்தை மறைக்காமல் சொல்லும். கடன் தவணையைப் பற்றியும் செலவைப் பற்றியும் ஒவ்வோர் அழைப்பிலும் நினைவூட்டினால், பிள்ளை தன் துயரத்தைச் சொல்வதே குற்றம் என்று எண்ணி, "நல்லா இருக்கேம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். அழுதால் "உடனே வந்துவிடு" என்பதும், "இதுக்கெல்லாம் அழுவாங்களா" என்பதும் ஒரே அளவுக்குக் கெடுதல் செய்பவை. கேட்டுக்கொள்ளுங்கள்; நாளைக்குக் காலையில் என்ன செய்யப் போகிறாய் என்று விசாரியுங்கள்.

இன்னொன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இறந்துவிட்டால், தேர்வு முடியட்டும் என்று பிள்ளையிடம் மறைத்துவிடும் வழக்கம் நம் குடும்பங்களில் இருக்கிறது. நல்லெண்ணத்தால் செய்வதுதான். ஆனால் பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, முகநூலில் யாரோ இட்ட இரங்கல் படத்தைப் பார்த்து அறிந்துகொள்ளும் பேரப்பிள்ளை, அதன்பின் வீட்டிலிருந்து வரும் எந்த நற்செய்தியையும் முழுதாக நம்புவதில்லை. ஒவ்வோர் அழைப்பிலும் எதையோ மறைக்கிறார்களோ என்ற அச்சம் தங்கிவிடுகிறது. அது ஏக்கத்தைவிடக் கொடியது. உண்மையைச் சொல்லி, இறுதிச் சடங்கைக் காணொளியில் பார்க்க விருப்பமா என்று கேட்டு, அருகில் ஒரு நண்பர் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, பல்கலைக்கழகத்திடம் தேர்வுச் சலுகை கேட்கச் சொல்வதே முறை. துக்கம் நேர்ந்தவர்களுக்குத் தேர்வைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது.

எப்போது உதவி தேட வேண்டும்

சாதாரண ஏக்கத்தில், வீட்டை நினைக்காத இடைவெளிகள் இருக்கும். நல்ல சாப்பாடு, நல்ல நட்பு, நல்ல மதிப்பெண் ஆகியவை முகத்தில் சிரிப்பை வரவழைக்கும். இரண்டு வாரங்களுக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும் மனம் இருண்டு கிடந்தால், முன்பு பிடித்த எதுவுமே பிடிக்காமற்போனால், படுக்கையைவிட்டு எழவும் குளிக்கவும் முடியாமல் வகுப்புகள் தொடர்ந்து விடுபட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவ உதவி வேண்டும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் அமைப்பை 116 123 என்ற எண்ணிலும், ஆஸ்திரேலியாவில் லைஃப்லைனை 13 11 14 என்ற எண்ணிலும், இந்தியாவில் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மலேசியாவில் இருக்கும் பெற்றோருக்கும் உதவி தேவைப்படலாம். அவர்களுக்கு ஹீல் 15555 சேவை இருக்கிறது. பிரிட்டனுக்குப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாணவர் விசாவுக்கு முன்கூட்டியே செலுத்திய சுகாதாரக் கட்டணம் அதற்குத்தான். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆலோசகரைப் பார்க்கக் கட்டணம் இல்லை, அங்கே பேசுவது பொதுவாக வீட்டுக்குத் தெரியவராது.

படிப்பை இடையில் நிறுத்திவிட்டுத் திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் பருவம் முடியும் வரையாவது பொறுத்துப் பார்த்து, ஆலோசகரையும் பாட விரிவுரையாளரையும் கலந்து பேசிய பின் எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். அப்படித் திரும்பி வந்த பிள்ளையைத் தோற்றவன் என்று ஊர் பேச இடம் கொடுக்காமலிருப்பது குடும்பத்தின் கடமை.

முதல் விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளையிடம் சில மாற்றங்களைக் காணலாம். சில நாட்கள் பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கும். ஒரு நேர வலயத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்ற கணக்கில் உடல் திரும்ப ஒரு வாரமாகலாம். ஆசையாக வைத்த சாப்பாட்டைக் கொஞ்சமாகச் சாப்பிடும். அங்கே உள்ள நண்பர்களோடு கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டே இருக்கும். ஊரில் எல்லாம் சிறியதாகத் தெரிகிறது என்று வாய்தவறிச் சொல்லியும் விடலாம். வெளிநாட்டில் நேர்ந்த சரிவும் ஏற்றமும் வீடு திரும்பிய பிறகு இன்னொரு முறை நேர்வதை, 1963இல் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் ஆகிய இருவரும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஊரில் அதற்கு ஒரு நாள் ஒழுங்கு அமைந்துவிட்டதால்தான் இப்போது அதை நினைத்து ஏங்குகிறது. மனம் கசந்து "எங்களை மறந்துட்டியா" என்று கேட்காமல், அங்கே வைக்கக் கற்றுக்கொண்ட குழம்பை ஒரு நாள் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள், அந்த நண்பர்களின் பெயர்களைக் கேட்டு வையுங்கள்.